72 கார்வெட்டில் லைன் லாக்: பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, முன் சில்லு நிற்கவில்லை

சுதன்_ஸ்கார்பரோ · சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1972 கார்வெட் ஸ்டிங்ரே கூப்பே ஒன்று இருக்கிறது. 350 எஞ்சின், நாலு கியர் மேனுவல், பூஸ்டர் இல்லாத பிரேக். முன்னும் பின்னும் குரோம் பம்பர் வந்த கடைசி வருடக் கார் என்பதால் பார்வைக்கு எதையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கோடை வந்தால் கயூகா கார்ப் பந்தய ஓடுபாதைக்குக் கொண்டுபோய்க் கால் மைல் ஓட்டுவேன். அங்கேதான் பிரச்சினை. கோட்டில் நிற்கும்போது இடது கால் கிளட்சில், வலது கால் ஆக்சிலரேட்டரில். பிரேக்கை மிதிக்கக் கால் இல்லை. விளக்குக்காகக் காத்து நிற்கும் நேரத்தில் கார் ஒரு அடி உருண்டாலும் அந்த ஓட்டம் வீண்.

அதற்காக லைன் லாக் கிட் ஒன்று வாங்கி இரண்டு வாரக் கடைசிகளாகப் பூட்டினேன். மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் சொலினாய்டு வால்வு, கியர் லிவரில் பட்டன், டாஷ்போர்டுக்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கு. பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுத்தாயிற்று. பெடல் கல்லு மாதிரி இருக்கிறது. நாலு சில்லையும் ஸ்டாண்டில் தூக்கி, பெடலை மிதித்து, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெடலை விட்டேன். சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் முன் சில்லு கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

வால்வு பழுதா? அல்லது பிழையான பைப்பில் போட்டுவிட்டேனா? மாஸ்டர் சிலிண்டரின் முன் துளைதான் முன் பிரேக்குக்கு என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் நேர் எதிராகச் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை_கியர் · சனி, இரவு 11.02

பட்டனை அழுத்தும்போது வால்விலிருந்து "டக்" என்று சத்தம் வருதுங்களா? அதை முதலில் சொல்லுங்க. சத்தம் வந்தால் பிரச்சினை ஆயில் பக்கம், வராவிட்டால் கரண்ட் பக்கம்.

ஹெரால்ட்_வேணு · ஞாயிறு, காலை 7.20

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். லைன் லாக் என்றால் சரியாக என்ன? நான் சென்னையில், மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருக்கிறேன். என் வண்டியில் ஹேண்ட் பிரேக் சுத்தமாகப் பிடிப்பதில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது நின்றால் உருளுகிறது. இதைப் போட்டால் அந்தத் தொல்லை தீருமா?

மிச்சிகன்_மாணிக்கம் · ஞாயிறு, காலை 9.48

வேணு சாருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அதிலேயே சுதன் தம்பிக்கும் பாதி பதில் இருக்கிறது.

லைன் லாக் என்பது பிரேக் பைப்பின் நடுவில் உட்காரும் ஒரு மின்சார வால்வு. கரண்ட் இல்லாதபோது திறந்தே இருக்கும். பிரேக் ஆயில் போகும், வரும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஊசி இருக்கையில் போய் உட்காரும். அப்போது பைப்பில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அது அந்தப் பக்கமே சிறைபட்டுவிடும். பெடலை எடுத்தாலும் முன் காலிபர் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருக்கும். பின் பிரேக் மட்டும் விட்டுவிடும். முன் சக்கரம் நிற்க, பின் சக்கரம் தாராளமாகச் சுழலும். டிராக் ஓட்டத்தில் டயரைச் சூடாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஹர்ஸ்ட் கம்பெனி இதற்கு வைத்த பெயரே ரோல் கன்ட்ரோல். உருளாமல் பிடித்து நிறுத்துவது. தம்பி கேட்பதும் அதற்குத்தான், நியாயமான தேவை.

ஆனால் வேணு சார், உங்கள் ஹெரால்டில் போடாதீர்கள். உங்கள் பிரேக் ஒற்றைச் சுற்று. மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில். அங்கே கூடுதலாக நாலு இணைப்பைச் சேர்த்து, அதில் ஒன்று கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். கார்வெட்டில் 1967 முதல் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர். முன் பக்கம் போனாலும் பின் பக்கம் மிஞ்சும். உங்களுக்கு மிஞ்ச ஒன்றும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது ஹேண்ட் பிரேக் கேபிளும் பின் லைனிங்கும்.

இப்போது தம்பிக்கு. எந்தத் துளை எதற்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது வருடம் ஓடிய கார். இடையில் யார் யார் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்களோ, எதை மாட்டினார்களோ. பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டே கீழே போங்கள். பித்தளைப் பிரிவு பிளாக்கில் ஒரு பைப் நுழைந்து இரண்டாகப் பிரிந்து இடது, வலது முன் சக்கரத்துக்குப் போகும். அதற்கு ஆயில் கொண்டுவரும் பைப்தான் உங்களுக்கு வேண்டியது. இன்னொன்று ஒன்றாகவே நுழைந்து ஒன்றாகவே வெளியேறி, ஃபிரேம் ஓரமாகப் பின்னால் போகும். வால்வு மாஸ்டர் சிலிண்டருக்கும் அந்தப் பிளாக்குக்கும் இடையில் உட்கார வேண்டும்.

பைப்பைத் தடவிப் பார்த்து எழுதுங்கள். கோவைக்காரர் கேட்ட "டக்" சத்தத்தையும் சொல்லுங்கள். இன்னொரு கேள்வி: வால்வின் எர்த் வயரை எங்கே மாட்டினீர்கள்?

சுதன்_ஸ்கார்பரோ · ஞாயிறு, மதியம் 1.30

மிக்க நன்றி அண்ணை. பைப்பைத் தடவிப் பார்த்தேன். வால்வு இருப்பது முன் சில்லுக்குப் போகும் பைப்பில்தான், பிளாக்குக்கு முன்னால். அது சரி.

சத்தம் வரவில்லை. மகனைப் பட்டனை அழுத்தச் சொல்லி வால்வில் விரலை வைத்துப் பார்த்தேன், ஒரு அசைவும் இல்லை. டெஸ்ட் விளக்கை வைத்துப் பார்த்தால் வால்வுக்கு வரும் வயரில் 12 வோல்ட் இருக்கிறது.

எர்த் வயரை மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஃபயர்வாலில் ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். பெயின்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து வடிவாகத்தான் பூட்டினேன்.

ரேவதி_ஹூஸ்டன் · ஞாயிறு, மதியம் 1.41

சுதன், அது ஃபைபர் கிளாஸ்!

கார்வெட்டுக்கு 1953 முதல் இரும்பு பாடி கிடையாது. ஃபயர்வாலும் பாடியோடு சேர்ந்தது. நீங்கள் பெயின்டைச் சுரண்டியபோது கீழே இரும்பு மினுங்கியதா, சாம்பல் நிறத்தில் தூள் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்க்ரூ பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில். கரண்ட் வால்வு வரை வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது.

விளக்கு மட்டும் ஏன் எரிகிறது என்றால், அது வால்வோடு இணையாக மாட்டப்பட்டது. அதன் எர்த் டாஷ்போர்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் எங்காவது மாட்டியிருப்பீர்கள். பட்டனை அழுத்தியதும் விளக்கு தன் வழியில் எரியும். அதைப் பார்த்து வால்வும் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். என்னுடைய 76 கார்வெட்டில் பின் விளக்குக்காக இரண்டு மாதம் இப்படித்தான் அலைந்தேன். பல்பு புதிது, சாக்கெட் புதிது, கடைசியில் எர்த் வயர் ஒன்று அறுந்து கிடந்தது. மற்ற கார்களில் பாடியே எர்த். நம் காரில் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் ஃபிரேமுக்குப் போயாக வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவில் இருந்து ஒரு ஜம்பர் வயர் எடுத்து வால்வின் எர்த் வயரில் தொட்டுப் பாருங்கள். பேட்டரி சீட்டுக்குப் பின்னால் இருப்பதால் நீள வயர் வேண்டும். எஞ்சின் பிளாக்கில் ஒரு போல்ட்டில் கவ்வினாலும் போதும்.

சுதன்_ஸ்கார்பரோ · ஞாயிறு, மதியம் 2.20

டக்!

ரேவதி அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. சுரண்டியபோது வந்தது சாம்பல் தூள்தான், பழைய பிரைமர் என்று நினைத்துவிட்டேன். இப்போது ஃபிரேமில் ஒரு போல்ட்டுக்குத் தனி வயர் இழுத்துவிட்டேன். பட்டனை அழுத்தினால் கராஜுக்கு வெளியே கேட்கிற அளவுக்குச் சத்தம். முன் சில்லு இரண்டும் இறுகி நிற்கிறது, பின் சில்லு இரண்டும் சுற்றுகிறது.

ஆனால் இன்னொரு சிக்கல். பட்டனை விடாமல் பிடித்திருந்தும் பதினைந்து, இருபது வினாடியில் முன் சில்லு மெல்லத் தளர்கிறது. முதலில் பிடிவாதமாக நிற்கிறது, பிறகு கையால் பலமாக இழுத்தால் அசைகிறது. வெளியே எங்கும் கசிவு இல்லை, எல்லா நட்டையும் டிஷ்யூ வைத்து ஒற்றிப் பார்த்தேன். சாதாரணமாக மிதித்தால் பெடல் கீழே இறங்கவில்லை.

மிச்சிகன்_மாணிக்கம் · ஞாயிறு, மாலை 5.05

வெளியே கசியவில்லை, பெடலும் இறங்கவில்லை என்றால் அழுத்தம் போக ஒரே இடம்தான் பாக்கி. வால்வின் இருக்கையைத் தாண்டி மாஸ்டர் சிலிண்டருக்கே திரும்பிப் போகிறது. ஊசி முழுசாக உட்காரவில்லை. நடுவில் ஏதோ குப்பை இருக்கிறது.

வால்வில் திருகிய அடாப்டர்களில் என்ன தடவினீர்கள்? வெள்ளை டேப் சுற்றினீர்களா?

சுதன்_ஸ்கார்பரோ · ஞாயிறு, மாலை 5.30

ஆமாம் அண்ணை. குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப். அடாப்டரின் இரண்டு பக்கத்திலும் சுற்றினேன்.

மிச்சிகன்_மாணிக்கம் · ஞாயிறு, இரவு 8.10

அதுதான். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் வரும் தப்பு உயிரோடு சம்பந்தப்பட்டது.

உங்கள் அடாப்டரின் இரண்டு முனையும் இரண்டு விதம். வால்வுக்குள் போகும் முனையில் இருப்பது கூம்பு மரை, 1/8 அங்குலக் குழாய் மரை. முறுக்க முறுக்க இறுகும், மரையிலேயே அடைக்கும். அங்கே அடைப்புப் பசை வேண்டும். பிரேக் ஆயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் பசையாக, முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு, மெலிசாக. மற்ற முனையில் பிரேக் பைப்பின் நட்டு உட்காரும். அங்கே அடைப்பது மரை இல்லை. பைப்பின் விரித்த வாய் கூம்பு இருக்கையில் அமுங்கி, உலோகத்தோடு உலோகமாக அடைக்கிறது. நட்டு அதை அழுத்திப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்கிறது. அங்கே டேப்போ பசையோ எதுவுமே கூடாது. கசிகிறது என்றால் பைப்பின் வாய் சரியில்லை என்று அர்த்தம், அதை டேப்பால் மறைக்கக்கூடாது.

நட்டை முறுக்கும்போது டேப்பின் நுனி நார் நாராகக் கிழிந்து உள்ளே போகும். தலைமுடி அளவு நார் போதும், ஊசி உட்காராது. இப்போதைக்கு லைன் லாக் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதே நார் நாளைக்குக் காலிபர் போகும் வழியில் அடைத்தால் ஒரு பக்கம் பிரேக் விடாது, அல்லது பிடிக்காது.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். வால்வை, அடாப்டரை, நீங்கள் போட்ட புதுப் பைப்பை. பிரேக் கிளீனரால் கழுவி, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். அப்புறம் திரும்பப் பூட்டுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். பைப் வாயை எப்படி விரித்தீர்கள்? இரட்டை மடிப்பா?

சுதன்_ஸ்கார்பரோ · ஞாயிறு, இரவு 8.40

இரட்டை மடிப்புதான் அண்ணை. 3/16 அங்குல செம்பு நிக்கல் பைப். பழைய பைப்பை வெட்ட மனம் வரவில்லை. அப்படியே கழற்றி எடுத்து வைத்துவிட்டு, இரண்டு புதுத் துண்டு செய்தேன். முதல் துண்டில் நட்டை நுழைக்காமல் இரண்டு பக்கமும் வாயை விரித்துவிட்டேன், அதை வெட்டி மறுபடி செய்ய வேண்டி வந்தது.

மிச்சிகன்_மாணிக்கம் · ஞாயிறு, இரவு 8.52

பழைய பைப்பை வெட்டாமல் வைத்தது மிக நல்ல வேலை. நாளைக்கு இந்த வால்வு வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் கார் பழையபடி ஆகிவிடும். காரை விற்கும் நாள் வந்தாலும் வாங்குபவர் உங்களைக் கும்பிடுவார்.

டட்சன்_பாலா · திங்கள், காலை 6.15

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். மாணிக்கம் ஐயா மரையைப் பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்வெட்காரர்களுக்கு இது வராது, ஆனால் ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் இந்த உரையாடலைத் தேடி வருவார்கள்.

என்னுடையது 1971 டட்சன் 240இசட். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அமெரிக்கக் கிட்டோடு வரும் அடாப்டர் 3/8-24 மரைக்கு. டட்சன் பிரேக் நட்டு எம்10, 1.0 பிட்ச். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 3/8 அங்குலம் என்றால் 9.5 மில்லிமீட்டர், மற்றது 10. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மெட்ரிக் நட்டு அங்குலத் துளையில் ஏறாது, அதனால் ஆபத்து இல்லை. ஆபத்து எதிர்ப்பக்கம். அங்குல நட்டு மெட்ரிக் துளையில் ஏறும். கையாலேயே சுகமாகத் திருகும். கடைசியில் இறுகுவது போலவும் இருக்கும். பிடித்திருப்பதோ மரையின் நுனி மட்டும்.

நான் அப்படித்தான் பூட்டினேன். பெடலை மெதுவாக மிதித்தவரை ஒரு சொட்டுக் கூட இல்லை. கராஜுக்குள் நின்றபடி, பலத்தைக் கொடுத்து ஒரே மிதி மிதித்தேன். நட்டு துளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பெடல் தரையில். ஆயில் எஞ்சின் அறை முழுக்க. அந்த ஒரு மிதியை நான் ஓடுபாதைக் கடைசியில் மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அதனால் இப்போது ஒவ்வொரு நட்டையும் துளைக்குள் விட்டு ஆட்டிப் பார்ப்பேன். இரண்டு சுற்று திருகிய பிறகு பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் அது அந்தத் துளையின் நட்டு இல்லை. மரை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எம்10-க்கு மாற்றும் அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை.

ஓட்டம்_குமார் · திங்கள், காலை 10.30

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் 69 கமாரோவில் நாலு வருடமாக லைன் லாக் இருக்கிறது. நான் ஓடுபாதைக்குப் போவதே இல்லை. சிக்னலில், மேட்டில், பெட்ரோல் பங்கில் என்று எல்லா இடத்திலும் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக இதையே போடுகிறேன். பட்டனுக்குப் பதில் நிலையான ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். திருடனுக்கும் வண்டி நகராது. ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

மிச்சிகன்_மாணிக்கம் · திங்கள், மதியம் 12.15

குமார் தம்பி, நாலு வருடம் வராதது நல்லதுதான். ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அந்தச் சொலினாய்டு சுருள் கொஞ்ச நேரம் வேலை செய்யத்தான் செய்யப்பட்டது. தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். சுருள் எரிந்தாலும், ஃப்யூஸ் போனாலும், பேட்டரி இறங்கினாலும் அந்த நொடியே பிரேக் விடும். நீங்கள் மேட்டில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் போயிருப்பீர்கள். கரண்ட் இருந்தாலும்கூட, சூடான ஆயில் ஆற ஆறச் சுருங்கும், சிறைபட்ட அழுத்தம் இறங்கும். ஹேண்ட் பிரேக் என்பது கம்பியால் இழுத்துப் பிடிப்பது. ஆயில் போனாலும், கரண்ட் போனாலும் அது பிடித்திருக்கும், அதற்காகத்தான் அதைத் தனியாக வைத்தார்கள். திருட்டுக்கு என்றால் பேட்டரி வயரைக் கழற்றினால் உங்கள் பூட்டும் கழன்றுவிடும்.

கார்வெட்காரர்களுக்கு இந்த ஆசை அதிகமாக வருவது எனக்குத் தெரியும். 1965-இல் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் வந்தபோது, ஹேண்ட் பிரேக்குக்காகப் பின் டிஸ்க்கின் நடுக் குழிக்குள் சின்ன டிரம் ஷூவைத் திணித்தார்கள். அந்த ஷூவும் அதன் ஸ்பிரிங்கும் துருப்பிடித்து, பாதிக் காரில் பெயருக்குத்தான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகில் அந்தப் பாகங்கள் கிடைக்கின்றன. மாற்றிச் சரியாக வைத்தால் பிடிக்கும்.

ஓட்டம்_குமார் · திங்கள், மதியம் 12.50

சுருள் சூடாவது உண்மை, தொட்டுப் பார்த்திருக்கிறேன். வெளியே இறங்கிப் போகும்போது இனி ஹேண்ட் பிரேக்கும் போடுகிறேன். சிக்னலில் அரை நிமிடம் பிடிப்பதை மட்டும் விட மாட்டேன்.

ரேவதி_ஹூஸ்டன் · திங்கள், இரவு 9.25

குமாரின் நிலையான ஸ்விட்ச்தான் எனக்கு அதிகப் பயம். ஓடிக்கொண்டிருக்கும்போது அது போட்டபடி இருந்து, நீங்கள் ஒரு முறை பிரேக்கை மிதித்தால் மிதித்த அழுத்தம் அப்படியே முன் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். காலை எடுத்தாலும் விடாது. மழைச் சாலையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் எதற்கும் உதவாது.

சுதன், உங்களிடம் விட்டால் அணையும் பட்டன் இருக்கிறது, அது சரி. அதற்கு முன்னால் இன்னொரு ஸ்விட்ச் வையுங்கள், மூடி போட்டது. தெருவில் ஓட்டும்போது அது அணைந்தே இருக்கட்டும். கியர் லிவரில் பட்டன் என்றால் பக்கத்து சீட்டில் உட்காரும் பிள்ளை ஒரு நாள் அழுத்தும். கரண்டை இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் இடத்தில் எடுத்து, வழியில் கிட்டில் சொன்ன அளவு ஃப்யூஸ் போட்டுவிடுங்கள்.

பிரேக் ஆயில் எது ஊற்றியிருக்கிறீர்கள்? சில பழைய கார்வெட்களில் பெயின்டைக் காப்பாற்ற டாட் 5 சிலிக்கான் ஊற்றியிருப்பார்கள். அதன் மேல் டாட் 3-ஐ ஊற்றாதீர்கள், இரண்டும் கலக்காது. டாட் 3 என்றால் ஃபெண்டர் மேல் பழைய போர்வையை விரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒரு சொட்டு போதும், பெயின்ட் உரிந்துவிடும்.

சுதன்_ஸ்கார்பரோ · புதன், இரவு 11.10

டாட் 3 தான் அக்கா. எல்லாம் கழற்றிக் கழுவினேன். மாணிக்கம் அண்ணை சொன்ன மாதிரி வெள்ளைத் துணியில் வால்வைத் தட்டியபோது வெள்ளை நார் என்பதால் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு கறுப்பு டி-ஷர்ட் ஒன்றில் தட்டினேன். மூன்று துண்டு. ஒன்று நகத்துண்டு அளவு, சுருண்டு கிடந்தது. இவ்வளவு சின்னச் சாமான் இரண்டு சில்லை விட வைத்திருக்கிறது.

பசை தடவிப் பூட்டி, மறுபடி காற்று எடுத்தேன். திறந்தது முன் சுற்றை மட்டும் என்றாலும் நாலையும் எடுத்துவிட்டேன். பின் காலிபரில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று காற்றை வெளியே விடும் நிப்பிள் இரண்டு இருப்பது இப்போதுதான் தெரியும். போன தடவை உள் பக்கம் மட்டும் எடுத்திருந்தேன். வெளி நிப்பிளில் கொஞ்சம் காற்று வந்தது.

இப்போது ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன், முன் சில்லு அசையவே இல்லை. மூடி போட்ட ஸ்விட்சும் வைத்தாயிற்று.

ஆனால் புதிதாக ஒன்று. லைன் லாக் பிடித்திருக்கும்போது டாஷ்போர்டில் காரின் சொந்த பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஹேண்ட் பிரேக் போடவில்லை. பட்டனை விட்டு, பெடலை ஒரு தடவை பலமாக மிதித்தால் அணைகிறது. ஏதாவது பிழையா?

மிச்சிகன்_மாணிக்கம் · வியாழன், காலை 7.30

பிழை இல்லை தம்பி. பிரிவு பிளாக்கின் வயிற்றில் ஒரு சின்னப் பிஸ்டன் நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் முன் பிரேக் அழுத்தம், மறு பக்கம் பின் பிரேக் அழுத்தம். இரண்டும் சமமாக இருக்கும்வரை அது அசையாது. ஒரு சுற்று கசிந்து அழுத்தம் போனால் பிஸ்டன் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு விளக்கை ஏற்றும். லைன் லாக் பிடித்திருக்கும்போது முன் பக்கம் முழு அழுத்தம், பின் பக்கம் பூஜ்யம். பிளாக்குக்கு இதுவும் பின் பிரேக் போனதும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. அதனால் விளக்கை ஏற்றுகிறது.

மிதித்தால் அணைகிறது என்றால் பிஸ்டன் தாராளமாக நகர்கிறது. ஒரு நாள் அணையாமல் நின்றுவிட்டால், முதலில் உண்மையிலேயே கசிவு இல்லை என்று பாருங்கள். அப்புறம் ஒரு முன் நிப்பிளைத் திறந்துவிட்டுப் பெடலை மெதுவாக அழுத்தினால் பின் பக்க அழுத்தம் அதை நடுவுக்குத் தள்ளும். விளக்கு அணைந்ததும் காலை அப்படியே நிறுத்தி நிப்பிளை மூடுங்கள்.

பட்டனை விட்ட பிறகும் ஒரு முன் சக்கரம் மட்டும் இழுத்துப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் பிடித்தால் வால்வைச் சந்தேகப்படலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்க ரப்பர் ஹோஸ். உள்ளே உப்பி, ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது.

கோவை_கியர் · வியாழன், காலை 9.00

ஓடுபாதைக்குப் போகும் முன்னால் பின் பக்கத்தையும் பாருங்க சுதன். முன்னால் பூட்டிவிட்டுப் பின்னால் சுழற்றினால் அத்தனை பலமும் பின் சக்கரத்தைச் சுழற்றுற ஹாஃப் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட் மேலதான் இறங்கும். உங்க கார்ல ஹாஃப் ஷாஃப்ட் வெறும் ஷாஃப்ட் இல்லைங்க. அதுதான் சஸ்பென்ஷனின் மேல் கை. ஜாயின்ட் உடைந்தால் ஓட்டம் நிற்கிறது மட்டுமில்லை, சக்கரமே சாய்ஞ்சுடும்.

சுதன்_ஸ்கார்பரோ · வெள்ளி, இரவு 10.45

நல்ல வேளை சொன்னீர்கள். இன்றைக்குக் கீழே படுத்து நாலு ஜாயின்டையும் பார்த்தேன். மூன்று இறுக்கமாக இருக்கிறது. இடது பக்கம் டிஃபரன்ஷியலோடு சேரும் ஜாயின்டின் தொப்பியைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரித் துரு. ஷாஃப்டைக் கையால் திருகினால் "க்ளிக்" என்று சின்ன ஆட்டம். கழற்றினால் ஒரு தொப்பிக்குள் ஊசித் தாங்கிகள் காய்ந்து தூளாகிக் கிடக்கின்றன. கிரீஸின் வாசனைகூட இல்லை. நாலையும் மாற்றப் போகிறேன். கிரீஸ் நிப்பிள் இல்லாத கெட்டி வகை வாங்கியிருக்கிறேன். இந்த வாரம் கயூகா இல்லை.

சுதன்_ஸ்கார்பரோ · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.15

போய் வந்தேன்.

சாதாரணத் தெரு ரேடியல் ரயர்தான் என்பதால் சுழற்றும் முன் பந்தய ரயரை நனைக்கும் தண்ணீர்த் தொட்டியில் இறங்காமல் சுற்றிக்கொண்டு போனேன். ரயரின் கோடுகள் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து கோட்டில் கொட்டும் என்று அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். காய்ந்த இடத்தில் லைன் லாக்கைப் பிடித்து, இரண்டாம் கியரில் மூன்று வினாடி மட்டும் சுழற்றினேன். கார் இருந்த இடத்திலேயே நின்று, பின்னால் மட்டும் புகைந்தது.

எனக்கு அதைவிடப் பெரிது கோட்டில் நின்றது. கார் கோட்டுக்கு வந்துவிட்டதைக் காட்டும் முதல் விளக்கு எரிந்தது, மெல்ல நகர்ந்து இரண்டாவதும் எரிந்தது. பெடலை மிதித்து, பட்டனைப் பிடித்து, வலது காலை ஆக்சிலரேட்டருக்குக் கொண்டுபோனேன். கார் அசையவில்லை. மூன்று வருடமாக அந்த இடத்தில் கிளட்சோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த அசையாத நிலை எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கடைசி மஞ்சள் விளக்கில் பட்டனையும் கிளட்சையும் சேர்த்து விட்டேன். ஐந்து ஓட்டம் ஓடினேன், ஒன்றில்கூட உருளவில்லை.

தெருவில் மூடி போட்ட ஸ்விட்ச் அணைந்தே இருக்கும். இங்கே ஒன்ராரியோவில் ஸ்டண்ட் டிரைவிங் என்று பிடித்தால் காரை 14 நாள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

ஹெரால்ட்_வேணு · திங்கள், காலை 8.05

சந்தோஷம் சுதன். ஐயா சொன்னபடி நானும் ஹேண்ட் பிரேக்கைப் பிரித்தேன். பின் லைனிங்கில் ஆக்சில் ஆயில் ஊறிப் பளபளவென்று இருந்தது. சீலும் லைனிங்கும் மாற்றியாயிற்று. நேற்று கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலில் நின்றேன், உருளவில்லை.

மிச்சிகன்_மாணிக்கம் · திங்கள், காலை 9.40

இரண்டு பேருக்கும் மகிழ்ச்சி. சுதன் தம்பி, ஓடுபாதையில் எஞ்சின் ஆடிய ஆட்டத்தில் புது நட்டுகள் லேசாகத் தளர்ந்திருக்கலாம். வால்வின் நாலு இணைப்பையும், பிளாக்கையும் கை விரலால் அடியில் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலுக்குத் தெரியும்.

சுதன்_ஸ்கார்பரோ · திங்கள், மாலை 6.20

இப்போதுதான் தடவிவிட்டு வந்தேன் அண்ணை. விரல் காய்ந்தே வந்தது. பழைய பைப்பின் இரண்டு வாயையும் மூடி, "72, முன் பிரேக்" என்று டேப்பில் எழுதி, கராஜ் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன்.